தாகத்துக்குக் காவல்

பிரமிளா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, கணவருக்கு அன்றைக்கான தண்ணீரைப் போத்தலில் ஊற்றி வைப்பது. கடையில் விற்கிற மினரல் தண்ணீர்ப் போத்தல்களிலேயே சிறியது அது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான், தொண்டையை நனைப்பதும் அதிலிருந்துதான். காலையில் தேநீர் குடித்தால் போத்தலில் அந்த அளவைக் குறைத்துவிட வேண்டும். சோற்றுக்கு ரசம் கிடையாது.

குணாளனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடமாகிறது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் முதலில் காலில் தங்கும், பிறகு வயிற்றில், கடைசியில் நெஞ்சில் ஏறும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆயர் ஈத்தாமில் உள்ள ஒரு நிலையத்தில் டயாலிசிஸ் மெசின் அதை உறிஞ்சி எடுக்கும். சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் உள்ள இடைவெளிதான் ஆபத்தானது. ஞாயிறும் திங்களும் பிரமிளாவுக்கு நிம்மதி இல்லாத நாட்கள்.

அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டியவர். ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றுவதற்குள் கிடைக்கும் நேரத்தில் தூக்கத்தை விரட்ட, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் குடிப்பார். ஒன்று போதாது, இரண்டு. வெயில் நாளில் ஐஸ் போட்டு மூன்று. பிரமிளாவும் அந்த பஸ்ஸில் ஏறியவள்தான். அவள் நிறுத்தத்துக்கு வரத் தாமதமானால் மற்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, ஹார்ன் அடித்துக்கொண்டு காத்திருப்பார். அப்படித்தான் கல்யாணம் ஆனது. அந்தத் தேநீர்தான் பின்னால் சர்க்கரை நோயாக வந்து, முதலில் கால் விரல்களை எடுத்தது, பிறகு சிறுநீரகங்களை. இதைப் பிரமிளா அவரிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவரே சொல்லிக்கொள்வார்.

பாயா தெருபோங்கில் உயரமான ஒரு ஃபிளாட்டில், மேல் மாடி ஒன்றில் அவர்கள் வீடு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளம் முழுக்க அடுக்குமாடிகள். அவர்கள் ஊர் ஒரு தீவு; சுற்றிலும் கடல் இருந்தாலும் கடற்காற்று இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு பொட்டு மழை விழவில்லை. மலைச்சரிவில் லாலாங் புல் காய்ந்து வெளுத்தது. எங்கோ மேலே தீப்பிடித்து, யாரும் அணைக்காமல் தானாக அணைந்து, மறுபடி பிடித்தது. மாலையில்கூட சுவரைத் தொட்டால் சூடு கையில் ஒட்டியது. அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று தினமும் செய்தி வந்தது.

அந்த வாரம் புதன்கிழமை வேலை முடிந்து வந்த பிரமிளா, குணாளனின் பனியன் நெஞ்சுப் பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஏன் நனஞ்சிருக்கு?"

"மூஞ்சி கழுவுனேன்."

"மூஞ்சி மட்டுமா கழுவுனீங்க?"

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த பானாஸ் வெயில்ல மனுஷன் மூஞ்சிகூட கழுவக்கூடாதா?"

அவள் குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்த குழி மேலே எழும்பவே இல்லை. எவ்வளவு குடித்திருப்பார் என்று அவளால் கணக்கிட முடியவில்லை. அவருக்கு வாய் கொப்பளிக்க அனுமதி உண்டு. விழுங்காமல் துப்ப வேண்டும். வீட்டில் இருக்கும்போது அவர் கொப்பளித்தால், பிரமிளா பக்கத்தில் நின்று அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். குளிர்பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஆனால் குழாயை எப்படிப் பூட்டுவது?

வியாழக்கிழமை நிலையத்தில் எடை பார்த்த மிஸ்ஸி (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவரை விட்டுவிட்டுப் பிரமிளாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, வீட்டுல நீங்க கவனிக்கிறீங்களா இல்லியா? ரெண்டு நாள்ல இவ்ளோ ஏத்திட்டு வந்தா அங்கிளோட ஹார்ட் தாங்காது லா."

"நான் வேலைக்குப் போயிட்டா யாரு பாக்குறது, மிஸ்ஸி?"

"அப்ப யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க."

அன்றைக்கு அவ்வளவு தண்ணீரையும் வேகமாக உறிஞ்சவேண்டி இருந்ததால் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டது. குணாளன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், வாயைத் திறந்து திறந்து மூடினார். பிரமிளா கால்களைத் தேய்த்துவிட்டாள். அவர் மேல் கோபமும் அவருக்காக அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அணையிலிருந்து வரும் அழுத்தம் குறைந்ததால் மேல் மாடிகளுக்கு ஏறாது என்றும், விடியற்காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வரும் என்றும் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மாடி முழுக்க ஒரே புலம்பல். துணி துவைப்பது எப்படி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எப்படி என்று பெண்கள் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரமிளாவும் அவர்களோடு நின்று தலையாட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி அவளே குழாயைப் பூட்ட வேண்டியதில்லை.

மறுநாள் விடியற்காலையில் வந்த தண்ணீரை வாளிகளில் பிடித்தாள். குடிக்கிற தண்ணீரை மட்டும் பக்கத்து வீட்டு சித்தி ஹாஜராவிடம் கொடுத்து வைத்தாள். சித்தி ஹாஜரா என்பதுதான் அவள் பெயர்; வீட்டிலேயே கேக் செய்து விற்கிற விதவை. பகலில் குணாளனை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். கழுவுவதற்கென்று குளியலறையில் இருந்த வாளியில் பிரமிளா சோப்புத்தூளைக் கொட்டிக் கலக்குவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா செய்றீங்க?"

"குடிக்காம இருக்கட்டும்னுதான்."

"அக்கா, இது பாவம்கா."

"தெரியும் ஹாஜரா."

சனிக்கிழமை எடை நன்றாக இருந்தது. மிஸ்ஸி சிரித்துக்கொண்டே, இப்படித்தான் இருக்கணும் அங்கிள், என்றாள். பிரமிளாவுக்குப் பரீட்சையில் தேறியது போல இருந்தது. நிலையத்தின் வேன் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் குணாளன், சாலையோரக் கடைகளில் தொங்கிய சிவப்பும் பச்சையுமான குளிர்பானப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்திலேயே மோசமான வெயில். காற்றாடி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. மகள் ரூபினி, பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பத்து காவானிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த மாதம் முழுக்க ஓவர்டைம், ஞாயிறும் விடுமுறை இல்லை.

"ஏர்கானுக்குச் சொல்லி வச்சேன்மா. ஆளு அடுத்த மாசந்தான் வருவாராம். எல்லாரும் கேக்குறாங்களாம்."

"அடுத்த மாசம் மழ வந்துடும்," என்றாள் பிரமிளா.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

மதியத்துக்கெல்லாம் குணாளனின் போத்தல் காலியாகிவிட்டது. உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேசும்போது சப்பென்று சத்தம் வந்தது. பிரமிளா ஒரு ஐஸ்கட்டி கொடுத்தாள். அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கரைந்து முடியும் வரைக்கும் அசையாமல் இருந்தார்.

"பிரமி. ஒரு மொடக்கு."

"இல்லங்க."

"நாளைக்கு உள்ளதுல கழிச்சிக்க."

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவீங்க."

அவர் காலிப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். பிறகு, "நீ குளியலறையில நின்னுதான் குடிக்கிற, இல்ல?" என்று கேட்டார்.

பிரமிளா திடுக்கிட்டாள். நான்கு வருடமாக அவர் எதிரில் அவள் தண்ணீர் குடித்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பாள்.

"தொண்ட எறங்குற சத்தம் எனக்குக் கேக்கும்," என்றார். குறை சொல்வது போல இல்லை. கேட்கும் என்பதை மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு அவளும் குடிக்கவில்லை. சாயங்காலம் தலை சுற்றியது. அப்படிச் செய்ததால் அவருக்கு ஒரு சொட்டுகூட அதிகம் கிடைக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டும். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் டோபி கடையில் அவளுக்கு வேலை. சுற்றியுள்ள சின்ன ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கேதான் வரும். உலர்த்தும் மெசின்களின் சூட்டில் நின்று விரிப்புகளை மடிப்பாள். அங்கே மூலையில் ஒரு பெரிய தண்ணீர்க் கலன் இருந்தது. அதிலிருந்து அவள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. அன்று காலையும் இரண்டு குவளை குடித்துவிட்டுத்தான் முதல் விரிப்பை எடுத்தாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டி சித்தி ஹாஜரா போன் செய்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் கீழ லிஃப்ட் பக்கத்துல விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வந்துடுச்சி. நானும் கூடப் போறேன். நீங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"கீழ ஏன் போனாரு?"

"எளநீ குடிக்கப் போயிருக்காருக்கா."

பிரமிளா கையில் இருந்த துண்டை அப்படியே தரையில் விட்டாள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் நாளே மிஸ்ஸி அதைச் சொல்லியிருந்தாள். தண்ணீர் அதிகமானால் மூச்சு முட்டும், மெசினில் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் இளநீரில் இருக்கிற உப்புச்சத்து ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும். அன்றைக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். பிரமிளா போன பிறகு குணாளன் சட்டையை மாற்றிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, லிஃப்டில் இறங்கியிருக்கிறார். ஃபிளாட்டின் முன்னால் பெரிய குடையின் கீழே ஒரு சீனப் பெண்மணி இளநீர் விற்பாள். அவளுக்கு அவரைத் தெரியாது. வெயிலில் வந்த வயதானவர் என்று இரக்கப்பட்டு, உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கிறாள். அவர் உறிஞ்சு குழாயை வேண்டாமென்று சொல்லிவிட்டு, காயை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து குடித்திருக்கிறார். முடித்ததும் இன்னொன்று கேட்டிருக்கிறார். அதைக் குடித்துவிட்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்து, சாலையில் போகிற வருகிற காடிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து நடந்தபோது கால்கள் கனத்துப் போய் தூக்க வரவில்லை. லிஃப்ட் வரைக்கும் வந்து, பொத்தானை அழுத்தக் கை எழாமல், சுவரோடு சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுத் துடிப்பு திரையில் அகல அகலமாக ஓடியது. ஊசிகள் போட்டார்கள். உடனே மெசினில் இணைத்தார்கள். பிரமிளாவை வெளியே நிற்க வைத்தார்கள். ரூபினி வேலையிடத்திலிருந்து கிளம்பிப் பாலம் தாண்டி வந்து சேரும்போது, பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். பிழைத்துவிட்டார் என்றாலும் இதயத்துக்கு அடி பட்டிருக்கிறது, ஏற்கெனவே பலவீனமான இதயம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதைப் பற்றி இனி பேச வேண்டியதில்லை என்றார். இதுவரைக்கும் யாரும் அதைப் பற்றி அவர்களிடம் பேசியதில்லை. இருந்தும் பிரமிளா மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் அதை வைத்திருந்தாள் போல. டாக்டர் சொன்னபோதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

புதன்கிழமை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். பிரமிளா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எளநீ கூடாதுன்னு மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"மறக்கல."

"அப்ப சாகணும்னா போனீங்க?"

"சாவப் பத்தி நெனைக்கவே இல்ல, பிரமி. தாகமா இருந்துச்சி. அவ்ளோதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "மொத காய குடிச்சிட்டு ஏறி வந்திருக்கலாம். ரெண்டாவது நாந்தான் கேட்டு வாங்குனேன். ரொம்ப நல்லா இருந்துச்சி."

"எனக்கு என்ன ஆகும்னு நெனச்சீங்களா?"

"இல்ல," என்றார். "அந்த நேரத்துல நீ ஞாபகத்துலயே வரல."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரமிளா துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் விரித்துப் போட்டாள். அதை நேராக்கினாள். மறுபடியும் நேராக்கினாள். பிறகு அவளும் சொன்னாள்.

"நம்ம வீட்டுப் பைப்புல தண்ணி நின்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சி."

"தெரியும். அன்னைக்குக் காலையில சமைக்கிறப்ப நீ பாட்டு முணுமுணுத்த."

எதிர்க் கட்டிலில் இருந்தவருக்குப் பார்க்க வந்தவர்கள் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இதயம் பழைய அளவைத் தாங்காது, தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும். பிரமிளா எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டு, டாக்டர் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்து மறுபடியும் கேட்டாள். அவர் அதையேதான் சொன்னார்.

வாடகைக் காடி ஆயர் ஈத்தாமைத் தாண்டும்போது மழை பிடித்தது. முதலில் கண்ணாடியில் பெரிய பெரிய சொட்டுகளாக விழுந்து, பிறகு சாலையே தெரியாமல் கொட்டியது. காடியோட்டி சீனி முகம்மது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மண்வாசனையை இழுத்தார்.

"அப்பாடா, வந்துடுச்சி லா. ஒரு மாசமா வெந்து போயிட்டோம். இனிமே கவல இல்ல, அக்கா."

"ஆமாண்ணே," என்றாள் பிரமிளா.

அவள் வீட்டுக் குழாயை நினைத்துக்கொண்டாள். இன்றைக்கோ நாளைக்கோ அதில் தண்ணீர் வந்துவிடும்.

மறுநாளே டோபி கடைக்குப் போன் செய்து வேலையை விட்டுவிட்டாள். முதலாளி வருத்தப்பட்டார். ஆனால் வேறு ஆள் கிடைப்பாள் என்றும் சொன்னார். குணாளன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழைக்குப் பிறகு மலை கறுத்துக் கிடந்தது.

"என்னக் காவல் காக்கவா வேலைய விட்ட?"

"ஆமா."

"நான் இனிமே கீழ எறங்கிப் போகமாட்டேன்."

"போகமாட்டீங்கன்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் அதை ஒத்துக்கொள்வது போலத் தலையசைத்தார். "எத்தன நாளைக்கு இப்படி?" என்றார். பிரமிளா அரிசி களையப் போனாள்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, கொப்பளித்த தண்ணீரை விழுங்கவில்லை. சில நாட்களில் மாலையில் பார்த்தால் கொடுத்ததிலேயே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைப் பார்க்கப் பிரமிளாவுக்குப் பயமாக இருந்தது. குடித்துவிடுவார் என்று பயந்த காலமே தேவலை என்று தோன்றியது. பேச்சும் குறைந்துபோனது. பஸ் ஓட்டிய காலத்துக் கதைகளை எடுத்தால் ஒன்றிரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். வாய் காய்ந்துவிடுகிறது என்பார்.

தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அந்த நாற்காலியிலேயே தூங்குவது போல உட்கார்ந்து இறந்துபோனார். பிரமிளா அப்போது வீட்டில்தான் இருந்தாள். சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும், அவர் அன்றைக்குக்கூட அளவுக்கு மேல் குடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். ரூபினியின் கூட்டாளிகளிடம் சொன்னாள், பாகான் டாலாமிலிருந்து வந்த அவர் அக்காவிடம் சொன்னாள், ஒருமுறை சொன்னவர்களிடமே மறுபடியும் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். அதை ஏன் இத்தனை தடவை சொல்கிறாள் என்று, அவள் வாளியில் சோப்புத்தூள் கலக்கியதைப் பார்த்த சித்தி ஹாஜராவுக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாக்கா, குடிக்கல, என்று ஒவ்வொரு தடவையும் சேர்ந்து சொன்னாள்.